பைக்கில் ரிலே: சாவி வயரிடம் கேட்க வேண்டியது கால் ஆம்ப்கூட இல்லை

350 சிசி வண்டி ஒன்று. முன்னால் இரண்டு 20 வாட் எல்இடி விளக்கு, ஹாண்டில்பாரில் ஒரு 18 வாட் யூஎஸ்பி சார்ஜர். நம் ஊர் நெடுஞ்சாலைகளில் மிகச் சாதாரணமாகக் கண்ணில் படும் கூட்டணி இது. விளக்குக்கு 40 வாட், சார்ஜருக்கு அதன் உள்சேதாரமும் சேர்த்து 20, ஆக மொத்தம் 60 வாட். என்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.5 வோல்ட் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் நாலரை ஆம்ப் வருகிறது. பெரிய சுமை இல்லைதான். ஆனால் இந்த நாலரை ஆம்ப்பை வண்டியின் எந்த வயரிலிருந்து உறிஞ்சுகிறோம் என்பதில்தான் வண்டி ராத்திரி வீடு வந்து சேருமா என்பது இருக்கிறது.

சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வர வேண்டும், எடுத்தால் நின்றுவிட வேண்டும். இந்த வசதிக்காகப் பெரும்பாலான கடைகளில் செய்வது, சாவிக்குப் பிறகு வரும் ஏதாவது ஒரு வயரைச் சுரண்டி, அதில் எல்லாவற்றையும் முறுக்கி, டேப் சுற்றிவிடுவது. அந்த வயர் ஏற்கெனவே சும்மா இருக்கவில்லை. 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வாகனங்களில் என்ஜின் ஓடினாலே ஹெட்லைட் எரிந்தாக வேண்டும் என்பது விதி. 55 வாட் ஹாலஜன் பல்ப் என்றால் அதற்கே நான்கு ஆம்ப். பல வண்டிகளில் இந்த மின்சாரம் முழுவதும் சாவி சுவிட்சுக்குள் இருக்கும் சின்னத் தகடுகள் வழியாகத்தான் போகிறது. அதன் தலையில் இன்னொரு நாலரை ஆம்ப்பை ஏற்றினால் மின்னோட்டம் இரு மடங்கு ஆகும், தொடுமுனையில் பிறக்கும் சூடு நான்கு மடங்கு ஆகும். முதல் மாதம் ஒன்றும் தெரியாது. பிறகு தகடு கறுக்கும், மின்தடை கூடும், அதனால் இன்னும் சூடாகும். கடைசியில் பிளாஸ்டிக் இளகி, குழியில் விழும்போதெல்லாம் வண்டி இழுத்து இழுத்து ஓட ஆரம்பிக்கும். கடைக்காரர் பிளக், பெட்ரோல் வடிகட்டி எல்லாம் மாற்றிப் பார்ப்பார்.

ரிலே என்பது ஒரு காந்த சுவிட்ச்: உள்ளே இருக்கும் காயில் என்ற கம்பிச் சுருளுக்குச் சிறு மின்சாரம் கொடுத்தால், அது பெரிய மின்சாரத்தின் வழியைச் சேர்த்துவிடும். அதனால் இந்தச் சுமை சாவியிடமிருந்து பிரிந்துவிடுகிறது. வழக்கமான 12 வோல்ட் கார் ரிலேயின் காயில் 80 முதல் 100 ஓம் வரை இருக்கும். அது கேட்பது ஏறக்குறைய 0.15 ஆம்ப். சாவி வயரிடம் நாம் வாங்கும் கடன் அவ்வளவுதான். மற்ற மின்சாரம் எல்லாம் பேட்டரியிலிருந்து நம் சொந்த பியூஸ், சொந்த வயர் வழியாக வந்து போகும். கீழே சொல்லும் ஒவ்வொன்றும் இந்த 0.15 ஆம்ப் எல்லையைக் காப்பதற்காகத்தான்.

ஒரு விலக்கையும் சொல்லிவிட வேண்டும். வெறும் சார்ஜர் மட்டும் போதும் என்பவர்களுக்கு ரிலே தேவையில்லை. சில புதிய வண்டிகளில் துணைக்கருவிகளுக்கென்றே மூடி போட்ட கப்ளர் (வயர் செருகும் இணைப்பு முனை) ஒன்று ஹெட்லைட் பின்னாலோ சீட்டுக்கு அடியிலோ இருக்கும். கையேட்டில் அதற்கு எத்தனை ஆம்ப் என்று போட்டிருப்பார்கள். ஒன்றரை ஆம்ப் சார்ஜரை அதில் செருகிவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

ரிலேயின் கால்கள்

கால் எண்கள் டிஐஎன் 72552 என்ற ஜெர்மன் தரத்திலிருந்து வந்தவை. 30 பேட்டரி பிளஸ். 87 சுமைக்குப் போகும் வழி. 85, 86 இரண்டும் காயிலின் முனைகள். வழக்கப்படி 86-க்கு பிளஸ், 85-க்கு மைனஸ். நான்கு கால் ரிலேயில் இவ்வளவுதான்.

ஐந்து கால் ரிலேயில்தான் ஆபத்து. நடுவில் இருக்கும் ஐந்தாவது கால் பெரும்பாலும் 87ஏ. காயிலுக்கு மின்சாரம் இல்லாதபோது 30-உடன் சேர்ந்திருப்பது அதுதான். விளக்கு வயரைத் தெரியாமல் அதில் செருகினால் எல்லாம் தலைகீழாகும். சாவி போட்டால் விளக்கு அணையும், சாவியை எடுத்தால் எரியும். விளக்கு என்றால் உடனே கண்ணில் பட்டுவிடும். சார்ஜராக இருந்தால் பேட்டரி இறங்கிய பிறகுதான் தெரியும். அதனால் கடையில் கேட்கும்போதே 'நாலு கால் ரிலே' என்று கேட்பது நல்லது. கையில் இருப்பது ஐந்து கால்தான் என்றால் நடு முனையில் எதையும் செருகாமல் சாக்கெட்டில் வெறுமையாக விட வேண்டும். மேல்மூடியில் 40/30 ஆம்ப் என்று இருந்தால் முதல் எண் 87-க்கு, இரண்டாவது 87ஏ-க்கு.

காயில் அணையும்போது அதில் தேங்கிய காந்தப்புலம் சரிந்து, எதிர்த்திசையில் நூறு வோல்ட்டுக்கும் மேல் ஒரு வீச்சு கிளம்பும். பழைய கார்புரேட்டர் வண்டிக்கு அது பொருட்டே இல்லை. இசியு என்ற என்ஜின் கம்ப்யூட்டர் உள்ள பிஎஸ்6 வண்டியில் அதே வயரில் மின்னணுச் சாதனங்களும் தொங்குகின்றன. அதனால் உள்ளேயே டையோடோ ரெசிஸ்டரோ வைத்த ரிலேயை வாங்குங்கள். மூடியில் வரைந்திருக்கும் படத்தில் காயிலுக்குக் குறுக்கே அந்தக் குறி தெரியும். கிடைக்கவில்லையென்றால் சாக்கெட்டில் 85-க்கும் 86-க்கும் குறுக்கே ஒரு 1என்4007 டையோடு வைத்தால் போதும். வெள்ளிப் பட்டை உள்ள முனை 86 பக்கம், அதாவது பிளஸ் பக்கம். சென்னையில் என்றால் ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். டையோடு வந்துவிட்டால் 85, 86 இரண்டையும் மாற்றிப் போடக் கூடாது. போட்டால் டையோடு நேர் ஷார்ட்டாகி டிரிகர், அதாவது ரிலேயை எழுப்பும் வயரின் பியூஸ் போகும். ரெசிஸ்டர் வகைக்கு அந்தக் கவலை இல்லை.

வயரும் பியூஸும்

ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு மீட்டருக்குச் சுமார் 18 மில்லி ஓம் தடை. சீட்டுக்கு அடியிலிருந்து முன்னால் வரை ஒன்றரை மீட்டர். திரும்பி வரும் மைனஸ் வயரும் சேர்த்து மூன்று. பத்து ஆம்ப் இழுக்கும் இரட்டை ஹார்னை 0.5 சதுர மி.மீ. வயரில் ஓட்டினால் வழியிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும். 1.5 சதுர மி.மீ. போட்டால் 0.35 வோல்ட்டோடு நிற்கும். நம் 60 வாட் கூட்டணிக்கு முதன்மை வயர் 1.5, விளக்குக்கு 1, சார்ஜருக்கு 0.75, டிரிகருக்கு 0.5 சதுர மி.மீ. தாராளம். கடையில் இழைக் கணக்கில் சொன்னால் 30/0.25 என்பது 1.5; 32/0.2 என்பது 1, 24/0.2 என்பது 0.75, 16/0.2 என்பது 0.5.

வாங்கும் முன் ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். தடையும் கூடுதல், மடக்கினால் சீக்கிரம் ஒடிந்தும் போகும். ரிலே, சுவிட்ச், வயர் எல்லாம் சேர்ந்து மலிவாக ஒரே பையில் வரும் 'கிட்'களில் இந்த வயர்தான் அதிகம். அந்தப் பையில் ரிலேயை மட்டும் வைத்துக்கொண்டு வயரைத் தூக்கிப் போடலாம். விளக்கின் மேல் அச்சிட்ட வாட்டையும் நம்ப வேண்டாம். '60 வாட்' என்று விற்பது பதினைந்து வாட் இழுப்பதும் உண்டு. பேட்டரியில் மாட்டி மீட்டரால் ஆம்ப் அளந்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

பியூஸ் காப்பது வயரை, விளக்கை அல்ல. ஆகவே அது பேட்டரி பிளஸ் முனையிலிருந்து 15 செ.மீ. தூரத்துக்குள் இருக்க வேண்டும். ரிலேக்குப் பக்கத்தில் அழகாகப் பியூஸ் வைத்து, பேட்டரியிலிருந்து அதுவரை ஒரு மீட்டர் வயரை வெறுமனே விட்டிருப்பதைப் பல வண்டிகளில் பார்க்கலாம். அந்த ஒரு மீட்டர் சேஸியில் உரசினால் தடுக்க எதுவும் இல்லை, வயர் சிவந்து எரியும். சுமையைவிட ஒன்றரை மடங்கு, வயர் தாங்குவதைவிடக் குறைவு. இப்படித் தேர்ந்தால் முதன்மைக்கு 10 ஆம்ப் சிவப்பு, விளக்குக்கு 5 ஆம்ப் இளம்பழுப்பு, சார்ஜருக்கு 3 ஆம்ப் ஊதா. பியூஸ் போகிறது என்று அடுத்த பெரிய எண்ணைப் போடுவது நோயை விட்டுவிட்டு வெப்பமானியை உடைப்பதுதான்.

டிரிகர் எங்கிருந்து

முழு வேலையிலும் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். ரிலேயை எழுப்பும் அந்த 0.15 ஆம்ப்பை எந்த வயரிடம் கேட்பது?

முதலில், தொடவே கூடாதவை. இசியு, பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், இக்னிஷன் காயில், ஏபிஎஸ், சென்சார் வயர்கள். இவற்றில் ஒரு தளர்ந்த இணைப்பு என்றால் வண்டி நின்றுவிடும், அல்லது பிரேக் எச்சரிக்கை விளக்கு எரியும். விளக்குகளைக் கம்ப்யூட்டரே இயக்கும் விலை உயர்ந்த வண்டிகளில் இண்டிகேட்டர், ஹெட்லைட் வயர்களும் இந்தப் பட்டியலில் சேரும். கூடுதல் சுமையைப் பழுது என்று எடுத்துக்கொண்டு அந்த வழியையே அது அணைத்துவிடும்.

மற்ற வண்டிகளில் நல்ல இடம் டெயில் லேம்ப் அல்லது நம்பர் பிளேட் விளக்குக்குப் போகும் பிளஸ் வயர். சாவி போட்டதும் எரிகிறதா என்று முதலில் பாருங்கள். சில வண்டிகளில் என்ஜின் ஓடினால்தான் எரியும், அதுவும் நமக்கு நல்லதே. சீட்டுக்கு அடியிலேயே கிடைக்கும், வயரும் நீளாது. பிரேக் சுவிட்சுக்கு வரும் பிளஸ்ஸும் பரவாயில்லை. சுவிட்சிலிருந்து விளக்குக்குப் போகும் வயரை எடுத்துவிடக் கூடாது, பிரேக் பிடித்தால் மட்டும் சார்ஜர் வேலை செய்யும்.

ஹெட்லைட் வயரிலிருந்து எடுப்பதில் ஒரு லாபம் உண்டு. ஸ்டார்டர் பொத்தானை அழுத்தும்போது ஹெட்லைட்டை அணைத்துவிடும் வண்டிகளில் நம் ரிலேயும் கூடவே அணையும், பேட்டரி முழு வலுவையும் ஸ்டார்டருக்குக் கொடுக்கும். ஒரு கண்ணியும் உண்டு. பழைய 100, 125 சிசி வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் மேக்னெட்டோவிலிருந்து நேராக ஏசியில் (திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தில்) ஓடுகிறது. என்ஜினை நிறுத்தினால் ஹெட்லைட் எரியாது, ஆக்ஸிலரேட்டர் கொடுக்கக் கொடுக்கப் பிரகாசம் கூடும் என்றால் அது ஏசி. அதில் ரிலேயை மாட்டினால் குளவி போல் இரைந்து, தொடுமுனை சீக்கிரமே கருகிப்போகும்.

எந்த வயரானாலும் மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரி மைனஸில் பிடித்து, மூன்று நிலையிலும் பாருங்கள்: சாவி இல்லாமல் பூஜ்யம், சாவி போட்டு 12 சொச்சம் (என்ஜின் ஓடினால்தான் எரியும் விளக்கின் வயர் என்றால் இங்கும் பூஜ்யம்தான்), என்ஜின் ஓடும்போது 13.5-க்கு மேல். நடுவில் ஏதாவது ஆடினால் வேறு வயர் தேடுங்கள். வயர் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டும் மாறும்.

டிரிகர் வயரில் எடுத்த இடத்திலேயே 2 ஆம்ப் சாம்பல் நிறப் பியூஸ் ஒன்று போடுங்கள். 0.15 ஆம்ப்புக்கு எதற்குப் பியூஸ் என்று தோன்றும். நாம் போட்ட வயர் எங்காவது உரசி ஷார்ட்டானால் போவது வண்டியின் சொந்தப் பியூஸ். அதே பியூஸில் டெயில் லேம்ப் மட்டும் இருந்தால் இருட்டில் பின்னால் வருபவருக்கு நாம் தெரிய மாட்டோம். இக்னிஷனும் இருந்தால் நடுரோட்டில் நிற்போம். இந்த 2 ஆம்ப் நம் தவறை நம்மோடு நிறுத்தும்.

வயரிலிருந்து பிரிப்பதற்கு நீல நிறத்தில் அழுத்தி மூடும் கிளிப் ஒன்று விற்கிறார்கள். வேண்டாம். உள்ளே இருக்கும் தகடு இரண்டு மூன்று இழைகளை வெட்டும், மழைநீர் புகும், ஒரு பருவமழைக்குள் பச்சை பூத்துவிடும். சிறந்த வழி, அந்தக் கப்ளருக்குப் பொருந்தும் ஆண், பெண் முனைகளை வாங்கி, நடுவில் செருகும்படி ஒரு சிறு 'ஒய்' வயர் செய்வது. வண்டியின் வயர் ஒன்றுகூட வெட்டுப்படாது, வாரண்டிப் பேச்சு வரும்போது கழற்றிவிடலாம். சென்னையில் ஜி.பி. ரோடு கடைகளில் அநேகமாக எல்லாக் கப்ளர் முனையும் கிடைக்கும். பழையது போதும் என்றால் புதுப்பேட்டை.

மாட்டும் வரிசை

முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். பிளஸ்ஸை முதலில் கழற்றினால் ஸ்பானர் சேஸியில் பட்டு ஷார்ட்டாகும். மைனஸ் போன பிறகு எங்கே பட்டாலும் ஒன்றுமில்லை. மாட்டும்போது மைனஸ் கடைசி.

பேட்டரி பிளஸ், 10 ஆம்ப் பியூஸ், முதல் ரிலேயின் 30. டிரிகர் வயர் அதன் 86-க்கு. 85 பேட்டரி மைனஸுக்கு. 87-லிருந்து ஒரு சின்னப் பியூஸ் பெட்டி. அதில் ஒரு வழி சார்ஜருக்கு, இன்னொரு வழி விளக்குக்கு.

விளக்குக்கு ஹாண்டில்பாரில் தனி சுவிட்ச் வேண்டும். அந்தச் சுவிட்ச் வழியாக மூன்று ஆம்ப்பை ஓட்டலாம்தான். ஆனால் சந்தையில் கிடைக்கும் மலிவான சுவிட்சுகளின் தொடுமுனை அதற்கு வெகுநாள் தாங்காது. இரண்டாவது ரிலே ஒன்றைப் போடுங்கள். பெட்டியின் 5 ஆம்ப் வழி இரண்டாவது ரிலேயின் 30-க்கு, அதன் 87 விளக்குகளுக்கு. சார்ஜர் வழியிலிருந்து சிறு கிளை எடுத்து, சுவிட்ச் வழியாக 86-க்கு. 85 மைனஸுக்கு. இப்போது சுவிட்சில் ஓடுவதும் 0.15 ஆம்ப்தான், ஹாண்டில்பாருக்கு மெல்லிய வயர் போதும். வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்தால், சுவிட்ச் ஆனில் இருந்தாலும் எல்லாம் அணையும்.

எர்த் விஷயத்தில் சோம்பேறித்தனம் கூடாது. விளக்கின் மைனஸைப் பக்கத்து போல்ட்டில் மாட்டினால் எரியும். ஆனால் அந்த போல்ட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவே பெயின்ட், துரு, சில இடங்களில் ஹாண்டில் பேரிங் குண்டுகள்கூட இருக்கின்றன. மைனஸையும் அதே பருமன் வயரில் பேட்டரி வரை கொண்டுவருவதுதான் சரி. பேட்டரி போல்ட்டில் மூன்று லக்குக்கு (வயர் நுனியின் வளைய முனைக்கு) மேல் அடுக்காதீர்கள். எல்லா மைனஸையும் ஒரு பட்டையில் சேர்த்து ஒரே வயராகக் கொண்டுவரலாம்.

ரிலே சாக்கெட்டின் முனைகள் 6.3 மி.மீ. அகலம். அழுத்திப் பிடிக்கும் கிரிம்ப் கருவியால் அழுத்துங்கள், கட்டிங் பிளேயரால் நசுக்கினால் பிடி நிற்காது. ஈயம் வைத்துப் பற்றவைப்பது உறுதி என்று பலர் நினைக்கிறார்கள்; ஒற்றைச் சிலிண்டர் வண்டியின் அதிர்வில் ஈயம் முடியும் ஓரத்தில்தான் வயர் ஒடியும். கிரிம்ப், அதன் மேல் சூட்டில் சுருங்கும் ஸ்லீவ், அவ்வளவு போதும். கறுப்பு பிவிசி டேப் நம் வெயிலில் பிசினாக ஒழுகும். வயரிங்குக்கென்று வரும் துணி டேப் சுற்றுங்கள்.

ரிலேயை முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி, சீட்டுக்கு அடியிலோ சைடு பேனலுக்குள்ளோ மாட்டுங்கள். மேல்நோக்கி இருந்தால் சாக்கெட்டில் தண்ணீர் தேங்கும். ரெகுலேட்டர் பக்கம் வேண்டாம், அது கை வைக்க முடியாதபடி சுடும். ஹாண்டில் தலைப்பில் வயருக்குத் தளர்வு விட்டு, இடது கோடி முதல் வலது கோடி வரை திருப்பிப் பாருங்கள். எங்கும் இழுக்கக் கூடாது, ஆக்ஸிலரேட்டர் கேபிளோடு சிக்கக் கூடாது.

ஹார்னுக்குத் தனிக் கதை. விண்ட்டோன் ஜோடி எட்டு முதல் பத்து ஆம்ப் இழுக்கும், பழைய ஹார்ன் வயரில் மாட்டினால் தொண்டை கட்டியது போல்தான் கத்தும். அதற்குத் தனி ரிலே, பேட்டரியிலிருந்து 15 ஆம்ப் நீலப் பியூஸோடு 1.5 வயர். டிரிகர் மிகச் சுலபம்: பழைய ஹார்னுக்கு வந்த இரண்டு வயரையும் 85, 86-இல் செருகினால் முடிந்தது. சில வண்டிகளில் ஹார்ன் பொத்தான் பிளஸ்ஸைக் கொடுக்கும், சிலவற்றில் மைனஸைக் கொடுக்கும். காயிலுக்கு இரண்டும் ஒன்றே. டையோடு வைத்த ரிலேயென்றால் மட்டும், எது பிளஸ் என்று மீட்டரில் பார்த்து அதை 86-க்குக் கொடுங்கள். மாறி மாறிப் பல தொனியில் ஒலிக்கும் ஹார்ன் மத்திய மோட்டார் வாகன விதி 119-இன்படி தடை. ரிலே போட்டாலும் தடைதான்.

எரியவில்லை என்றால்

ரிலே 'டிக்' என்கிறது, விளக்கு எரியவில்லை. காயில் பக்கம் சரி என்று அர்த்தம். 30-இல் 12 வோல்ட் இருக்கிறதா, 87-இல் இருக்கிறதா, கடைசியாக விளக்கின் எர்த். இந்த வரிசையில் தேடினால் சீக்கிரம் கிடைக்கும். 'டிக்' சத்தமே இல்லையென்றால் 86-இல் மின்சாரம் இல்லை அல்லது 85-க்கு எர்த் இல்லை. இரண்டும் இருந்தால் ரிலேயைக் கழற்றிக் காயிலை ஓம்மில் அளங்கள். முடிவிலி காட்டினால் உள்ளே அறுந்துவிட்டது. தடதடவென்று அடித்துக்கொண்டால் காயிலுக்கு வோல்ட் போதவில்லை: டிரிகர் இணைப்பு தளர்வு, பேட்டரி இறக்கம், அல்லது மேலே சொன்ன ஏசி வயர்.

சாவியை எடுத்த பிறகும் எரிகிறதா? ரிலேயை மெல்லத் தட்டிப் பாருங்கள். அணைந்தால் தொடுமுனை ஒட்டிக்கொண்டுவிட்டது, ரிலேயை மாற்ற வேண்டும். அணையவில்லையென்றால் டிரிகர் எடுத்த வயர் எப்போதும் உயிரோடு இருப்பது, அல்லது 87ஏ.

விளக்கு எரிகிறது, ஆனால் மங்கல். எரியும்போதே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையை விளக்கின் பிளஸ்ஸிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.5-க்கு மேல் போனால் நடுவில் ஒரு இணைப்பு மோசம். முனை முனையாக நகர்ந்து வந்தால் எண் சட்டென்று குதிக்கும் இடம் அதுதான். மைனஸ் பக்கமும் இதே போல. மங்கலுக்கு விளக்கைக் குற்றம் சொல்வார்கள், பெரும்பாலும் எர்த்தில்தான் இருக்கும்.

எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, என்ஜினை 3000 சுற்றில் வைத்துப் பேட்டரி முனையில் அளங்கள். 13.5-க்கு மேல் நின்றால் ஆல்டர்னேட்டர் தாங்குகிறது. 13-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி கைக்காசைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது; எந்த ரிலேயும் அதைச் சரிசெய்யாது, சுமையைத்தான் குறைக்க வேண்டும். ஐடிலில் குறைந்து, ஓடும்போது ஏறுவது இயல்பு. சிக்னலில் நிற்கும்போது விளக்கை அணைத்துக்கொள்ளலாம், எதிரே நிற்பவரும் வாழ்த்துவார்.

கடைசிச் சோதனை, சாவியை எடுத்த பிறகு. பேட்டரி மைனஸைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்ப் துளைக்கு மாற்றி, மைனஸ் முனைக்கும் கழற்றிய வயருக்கும் நடுவே தொடராகப் பிடியுங்கள். கடிகாரம், இசியு நினைவகத்துக்கு ஒரு சில மில்லி ஆம்ப் போகலாம். 20-க்கு மேல் காட்டினால் நம் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எண் விழும் வழிதான் குற்றவாளி. 20 மில்லி ஆம்ப் என்பது 8 ஆம்ப் அவர் பேட்டரியைப் பதினாறு நாளில் காலியாக்கும், ஒரு வாரத்திலேயே ஸ்டார்டர் முனக ஆரம்பிக்கும். மீட்டர் இப்படி நடுவில் இருக்கும்போது சாவியைப் போடவோ ஸ்டார்டரைத் தொடவோ கூடாது. மீட்டருக்குள் இருக்கும் பியூஸ் போய்விடும், அதைத் தேடி மறுபடி ரிச்சி தெரு போக வேண்டியிருக்கும்.